உறையூரில் கொடி கட்டக் கை கொடுத்தவர்களுக்கு

உறையூர், பாலக்கரை, தில்லைநகர், ஸ்ரீரங்கம் பக்கத்து மக்களுக்கும், பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட எல்லோருக்கும் வணக்கம்.

ஆடி மாதக் கடைசி சனி, ஞாயிறு இரண்டு நாளும் உறையூரில் ஒரு காலி மனையில் துணி காயப்போடுகிற மாதிரிக் கொடி கட்டி, துணிக்குப் பதிலாகப் பெண்கள் எழுதிய அட்டைகளைத் தொங்கவிட்டோமே, அதற்கு உதவியவர்களுக்கு எழுதும் கடிதம் இது. நேரில் சொல்லத்தான் நினைத்தோம். கயிறு அவிழ்த்து இடத்தைக் கூட்டுகிற அவசரத்தில் பாதிப் பேரைப் பார்க்கவே முடியவில்லை. வாட்ஸாப்பில் கைகூப்பும் பொம்மை அனுப்பி முடித்துக்கொள்ளவும் மனம் வரவில்லை. கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் நன்றி நாங்கள் பார்த்தே இராத ஒருவருக்கு. மெக்சிகோ நாட்டுக் கலைஞர் மோனிகா மேயர் 1978ல் மெக்சிகோ நகரின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் ஒரு துணிக்கொடியைக் கட்டினார். அதற்கு முன்னால் நகரத்தின் பல பகுதிகளுக்கும் போய், பல வயதுப் பெண்களிடம் சின்னச் சின்ன ரோஸ் தாள்களைக் கொடுத்து, “ஒரு பெண்ணாக இந்த நகரத்தில் எனக்கு மிகவும் பிடிக்காதது...” என்ற வரியை முடித்துத் தரச் சொல்லியிருந்தார். தெருவிலும் பஸ்ஸிலும் ஆண்கள் செய்கிற தொல்லைகளைத்தான் நிறையப் பேர் எழுதினார்கள். அந்தத் தாள்களைக் கிளிப் போட்டு மாட்டினார். பார்க்க வந்த பெண்கள் கையில் கிடைத்த காகிதத்தில் தாங்களும் எழுதிச் சேர்த்துவிட்டுப் போனார்கள். அடுத்த வருடமே அது லாஸ் ஏஞ்சலஸுக்குப் போயிற்று. பிறகு எத்தனையோ ஊர்களில் எத்தனையோ பெண்கள் அதே கொடியைக் கட்டியிருக்கிறார்கள். இது என் படைப்பு, தொடாதே என்று அவர் பூட்டி வைக்கவில்லை. அந்தப் பெருந்தன்மையால்தான் திருச்சி வரைக்கும் வந்தது.

“இதில் கலை எங்கே இருக்கிறது?” என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். எங்களுக்குத் தெரிந்த பதில் இது: கொல்லையிலும் மொட்டை மாடியிலும் யார் கண்ணிலும் படாமல் தினமும் நடக்கிற வேலையை, பெரிய மனிதர்கள் ஓவியம் பார்க்க வருகிற கூடத்தின் நடுவில் கொண்டுவந்து வைத்ததில் இருக்கிறது. அதற்குத் தூரிகை தேவைப்படவில்லை.

“மெக்சிகோ சரக்கு நமக்கு எதுக்கு?” என்று கேட்ட பெரியவருக்கும் ஒரு வார்த்தை. சென்னையில் சந்திரலேகா நடனத்தோடு நிற்காமல் பெண்கள் இயக்கத்துக்குச் சுவரொட்டிகளும் வரைந்தவர். பெண்சிசுக் கொலையை எதிர்த்து அ. மங்கை 1990களிலேயே நாடகம் போட்டிருக்கிறார். பெங்களூரில் ஜாஸ்மீன் பதேஜா 2003ல் தொடங்கிய ‘பிளாங்க் நாய்ஸ்’, தொல்லைக்கு ஆளானபோது உடுத்தியிருந்த உடைகளைப் பெண்களிடமிருந்து சேகரித்து மக்கள் பார்வைக்கு வைத்துவருகிறது. “என்ன டிரஸ் போட்டிருந்தே?” என்கிற கேள்விக்கு அந்த உடைகளே பதில். எங்களுக்கு வழி காட்டியவர்கள் பக்கத்திலும் இருக்கிறார்கள், தூரத்திலும் இருக்கிறார்கள். மற்றபடி, துணிக்கொடிக்கு எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டும் கிடையாது ஐயா.

இப்போது உள்ளூருக்கு வருகிறோம்.

முதலில் ஒரு மண்டபத்தில் பேசி வைத்திருந்தோம். என்ன எழுதப்போகிறோம் என்று தெரிந்ததும், “குடும்பம் வர்ற இடம்மா, இதெல்லாம் இங்க வேண்டாம்” என்று சொல்லிவிட்டார்கள். குடும்பத்தைப் பற்றித்தான் பாதி அட்டைகள் வரப்போகின்றன என்பது அப்போது அவர்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. நிகழ்ச்சியே நடக்காது என்று இருந்தபோது, தன் வீட்டை ஒட்டிய காலி மனையைக் கொடுத்தவர் ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: “எழுத்துப்பிழை இருந்தா திருத்தக் கூடாது. அவங்க எழுதினது எழுதினபடியே தொங்கணும்.” முப்பது வருடம் சிவப்பு மை பிடித்தவர் இதைச் சொன்னதுதான் ஆச்சரியம். இரண்டு நாளும் திண்ணையில் உட்கார்ந்து, கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொன்னதும் அவர்தான். டீச்சர், உங்கள் செம்பருத்திச் செடியை மிதித்தது எங்கள் ஆட்கள்தான். புதுக் கன்று வந்துகொண்டிருக்கிறது.

பெரிய கடை வீதிப் பக்கம் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அச்சக அண்ணன், அட்டை வெட்டியதில் மிஞ்சிய துண்டுகளை மூட்டையாகக் கட்டிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. மஞ்சளும் ரோஸும் கலந்த துண்டுகள். சிலவற்றின் மூலையில் தங்க நிறப் பிள்ளையார் சுழி அப்படியே இருந்தது. அந்த மாதிரி ஒரு துண்டைத் தேடி எடுத்து, தனக்கு என்ன விலை பேசினார்கள் என்று பவுன் கணக்கில் எழுதி மாட்டிவிட்டுப் போனாள் ஒரு பெண். அண்ணன் மறுநாள் வந்து அதைப் படித்தார். ரொம்ப நேரம் நின்றார். அப்புறம் இன்னொரு மூட்டை அனுப்பினார்.

பந்தல்கார அண்ணனுக்கு நன்றி சொல்லாவிட்டால் சாப்பாடு இறங்காது. ஆடிக் காற்றை நாங்கள் கணக்கிலேயே எடுக்கவில்லை. அவர் எடுத்தார். சவுக்குக் கம்புகளை மணல் நிரப்பிய டின்களில் நட்டு, கயிற்றை இரட்டையாக முறுக்கி, “ஒரு அட்டைக்கு ரெண்டு கிளிப்பு போடுங்க, இல்லைன்னா காவிரியிலதான் போய்ப் பொறுக்கணும்” என்றார். அவ்வளவு கிளிப்புக்கு எங்கே போவது? தெருவில் சொன்னதும் வீட்டுக்கு வீடு பிளாஸ்டிக் டப்பாவில் கொண்டுவந்து கொட்டினார்கள். கொடியில் கிடந்த ஈரத்துணியை உருவிப் போட்டுவிட்டுக் கிளிப்பைக் கொண்டுவந்த அக்காவும் உண்டு.

அட்டையின் மேல் அச்சிடுவதற்கு முதலில் நாங்கள் வைத்திருந்த வரி, “ஒரு பெண்ணாக இந்த ஊரில் எனக்குப் பிடிக்காதது...” என்பது. தெருவில் தூய்மைப் பணி செய்கிற அக்காவிடம் படித்துக் காட்டினோம். “ஊர்ல மட்டுமா? வீட்ல? வேலையில? அப்புறம், பொம்பளைன்னு மட்டுமா திட்றான், சாதியச் சொல்லியும்ல திட்றான்” என்றார். அதனால் வரி, “ஊரிலும் வீட்டிலும் வேலையிலும் எனக்குப் பிடிக்காதது...” என்று ஆயிற்று. அவருடன் வேலை பார்க்கிற ஒருவர் சொல்லச் சொல்ல எழுதிய அட்டை, கொடியின் நடுவில் தொங்கியது: “குப்பை வாங்குற கைக்குத் தண்ணி தர மாட்டாங்க. அதே வீட்டு ஆம்பளை அதே கையைப் பிடிப்பாரு.” அதன் முன்னால் நின்ற கூட்டம் வேறெந்த அட்டைக்கும் நிற்கவில்லை. அந்த ஒரு வரியின் திருத்தம் இல்லாவிட்டால் இந்த அட்டை வந்திருக்குமா என்று தெரியவில்லை. அக்கா, இதற்கு வெறும் நன்றி போதாது. சங்கத்துக் கூட்டத்துக்கு எங்களையும் கூப்பிடுங்கள், வருகிறோம்.

எழுதத் தெரியாதவர்களுக்கும், எழுத்துக்கூட்டி எழுதக் கூச்சப்பட்டவர்களுக்கும் எழுதிக் கொடுத்த கல்லூரிப் பிள்ளைகளுக்கு அன்பு. சொன்னதை அழகுபடுத்தாமல் எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஜவுளிக்கடைகள் மூடிய பிறகு, ராத்திரி 10 மணிக்கு மேல் கால் வீங்கி வந்த விற்பனைப் பெண்களுக்காக ஸ்டூல் போட்டுக் காத்திருந்தீர்களே, அது பெரிய விஷயம். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021ல் சட்டத் திருத்தம் வந்தது. அவர்களில் ஒருத்தி எழுதியது: “சேர் இருக்கு. உட்கார்ந்தா சூப்பர்வைசர் பாக்குற பார்வையும் இருக்கு.”

டவுன் பஸ் பற்றி வந்தவற்றைத் தனியாக ஒரு கயிற்றில் போட வேண்டியதாகிவிட்டது. பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021ல் வந்ததில் எவ்வளவு பேர் வேலைக்குப் போக முடிந்தது என்று எழுதியவர்களே, “ஓசி டிக்கெட்டுக்கு சீட் வேற கேக்குதா?” என்று கேட்டவனைப் பற்றியும் எழுதினார்கள். ஒரே அட்டையில் இரண்டும். மாமியார் உள்பாவாடையைத் துண்டுக்கு அடியில் மறைத்துத்தான் காயப்போட வேண்டும் என்கிறார், அது காயவே மாட்டேனென்கிறது, ஈரத்தோடு கட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறேன் என்று ஒருவர் எழுதியிருந்தார். சிரித்துக்கொண்டே படித்தவர்கள் கடைசி வரியில் சிரிப்பை நிறுத்தினார்கள்.

இன்னொரு அட்டை. சென்னையில் 1998ல் ஒரு கல்லூரி மாணவி ஆண்கள் கூட்டம் ஒன்றின் சீண்டலில் உயிரிழந்த பிறகுதான் ஈவ் டீசிங் தடைச் சட்டம் வந்தது. சீண்டலை விளையாட்டு போலக் காட்டுகிற அந்தப் பெயரை 2002ல் மாற்றி, பெண்களைத் துன்புறுத்துவதைத் தடுக்கும் சட்டம் என்றார்கள். 1998ல் பிளஸ் டூ முடித்த ஒருவர் எழுதியது: “பேப்பர்ல செய்தி பாத்துட்டு அப்பா என்னை காலேஜ்ல சேக்கல. சட்டம் வந்துச்சு. நான் வீட்ல இருந்தேன்.” பயந்த அப்பாக்கள் எத்தனை பேர் இருந்தார்களோ, அத்தனை மகள்கள் அந்தக் குற்றத்துக்குத் தண்டனை அனுபவித்திருக்கிறார்கள். இதை எந்தக் கணக்கிலும் யாரும் சேர்ப்பதில்லை.

வக்கீல் அக்கா இல்லாமல் இதில் இறங்கியிருக்கவே மாட்டோம். அட்டையில் யார் பெயரும் கூடாது என்று முதலிலேயே அடித்துச் சொன்னார். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம். அடுத்தவன் பெயரை எழுதினால், எழுதியவர் மீதும் மாட்டிய எங்கள் மீதும் அவதூறு வழக்கு வரலாம். 18 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகள் எழுத வந்தால் என்ன செய்வது என்பதில்தான் அதிக நேரம் பேசினார். போக்சோ சட்டப்படி, ஒரு குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால் தெரிவித்தே ஆக வேண்டும். அதை மாட்டி வைத்துவிட்டு வேடிக்கை பார்க்க முடியாது. அதனால்தான் ஓரத்தில் மறைப்புத் துணி கட்டி, மனநல ஆலோசகர் ஒருவர் இரண்டு நாளும் உட்கார்ந்திருந்தார். பெண்கள் உதவிக்கான 181, குழந்தைகள் உதவிக்கான 1098 எண்களைப் பெரிதாக எழுதி ஒட்டியதும் அவர்தான். அந்தத் துணிக்குப் பின்னால் நடந்தவற்றை இங்கே எழுதப்போவதில்லை. நன்றி மட்டும் அம்மா.

இப்போது ஆண்களுக்கு. “பாதுகாப்புக்கு வந்து நிக்கட்டுமா?” என்று கேட்ட தம்பிகளே, உங்களைச் சமையலுக்கு அனுப்பியதில் வருத்தமிருந்தால் தெரிவிக்கலாம். எலுமிச்சைச் சாதம் நன்றாகவே இருந்தது. குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவர்களுக்கும், மைக் கேட்காமல் போனவர்களுக்கும் கூடுதல் நன்றி. ஞாயிறு சாயங்காலம் பைக்கில் வந்த மூன்று பையன்கள் ஒரு அட்டையை வாங்கி, “ஆம்பளைங்களுக்கு யாரு கொடி கட்டுவா?” என்று எழுதி மாட்டினார்கள். கழற்றச் சொல்லி எங்களுக்குள்ளேயே சிலர் கத்தினோம். டீச்சர் வேண்டாம் என்றார். கொஞ்ச நேரத்தில் பூ விற்கிற பாட்டி ஒருவர் யாரையோ பிடித்து எழுத வைத்து, அதற்குக் கீழேயே மாட்டியிருந்தார்: “கயிறு நான் தர்றேன், நீ கட்டு ராசா.” பையன்கள் திரும்பி வந்து அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். கட்டினார்களா என்று தெரியாது.

போட்டோ என்றதும் ஞாபகம் வருகிறது. பத்திரிகையிலிருந்து வந்த தம்பி, கையெழுத்தை வைத்து வீட்டில் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று ஒரு பெண் பயந்ததும், அதுவரை எடுத்த படங்களை அவள் எதிரிலேயே அழித்தார். காலி அட்டையும் கிளிப்பும் மட்டும் உள்ள படத்தைப் போட்டுச் செய்தி எழுதினார். அலுவலகத்தில் அவருக்கு நிச்சயம் திட்டு விழுந்திருக்கும்.

வந்து நின்று, எல்லாவற்றையும் படித்துவிட்டு, அட்டையை வாங்கி, எதுவும் எழுதாமல் பைக்குள் வைத்துக்கொண்டு போனவர்கள் நிறையப் பேர். உங்களுக்கும் நன்றி. அது உங்கள் அட்டை, திருப்பித் தர வேண்டியதில்லை.

அட்டைகள் எல்லாம் இப்போது டீச்சர் வீட்டுப் பீரோவில் இருக்கின்றன. புத்தகமாகப் போடுவீர்களா என்று கேட்கிறார்கள். எழுதியவர்களைக் கேட்காமல் போட மாட்டோம், அவர்களைத் தேடிப் பிடிக்கவும் மாட்டோம் என்பதால் அது நடப்பது சந்தேகம்தான். தன் அட்டை வேண்டும் என்கிறவர் வந்து அடையாளம் சொல்லி எடுத்துக்கொள்ளலாம். மணப்பாறையிலும் லால்குடியிலும் கொடி கட்ட விரும்புகிறவர்களுக்குக் கயிறும் கம்பும் தயார். பந்தல்கார அண்ணன் வண்டி வாடகை மட்டும் கேட்கிறார்.

கடைசியாகக் கிளிப்புகள். எல்லார் வீட்டுக் கிளிப்பும் ஒன்றாகக் கலந்து இரண்டு வாளி நிறைய இருக்கிறது. நீலம் யாருடையது, பச்சை யாருடையது என்று பிரிக்க எங்களால் முடியவில்லை. டீச்சர் வீட்டில் சாயங்காலம் 5 மணிக்கு மேல் ஆள் இருப்பார்கள். வந்து உங்களுடையதை எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கை குறைந்தால் எங்களைத் திட்டுங்கள், பக்கத்து வீட்டுக்காரரைத் திட்டாதீர்கள்.

அன்புடன்,
கொடி கட்டியவர்கள் சார்பில் ஒருத்தி
உறையூர், திருச்சி