கரண்ட் முடிஞ்சதுக்கு அப்புறம் வர்ற ரெண்டு வாரம்

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல கேன்சர் பத்தி வர்றதை எல்லாம் விடாம படிக்கிறேன். சீக்கிரம் கண்டுபிடிக்கணும், புகையிலைய விடணும், டெஸ்ட் எடுக்கணும்னு போடுறீங்க, அதெல்லாம் கண்டிப்பா வேணும். ஆனா ட்ரீட்மென்ட் முடியப்போற நேரத்துல கூட இருக்குற பொண்டாட்டியோ புருஷனோ எதுக்கு தயாரா இருக்கணும்னு ஒரு பத்தி கூட இதுவரைக்கும் என் கண்ணுல படல. அதுக்குதான் எழுதுறேன்.

என் வீட்டுக்காரருக்கு கன்னத்துக்கு உள்பக்கம் வந்துச்சு. ஆபரேஷன் பண்ணி, புண்ணு ஆறினதும் கரண்ட் வைக்கணும்னு, அதாவது கதிர்வீச்சு சிகிச்சை குடுக்கணும்னு சொல்லிட்டாங்க, கூடவே வாரம் ஒரு கீமோ. வாய், தொண்டைக்கு எல்லாம் பொதுவா 30லேர்ந்து 35 தடவை வரைக்கும் வைக்கிறாங்க, திங்கள்லேர்ந்து வெள்ளி வரை தினமும், கணக்குப் பார்த்தா ஆறு ஏழு வாரம் ஆயிடுது. முகத்துக்கு அச்சு எடுத்து வலை மாதிரி ஒரு மாஸ்க் செஞ்சு அதை டேபிளோட சேர்த்து மாட்டிடுவாங்க, தலை அசையக்கூடாதுல்ல. கரண்ட் வைக்கிறப்போ வலியே தெரியாது. முதல் ரெண்டு வாரம் ஒண்ணும் இல்ல, பார்க்க வந்த சொந்தக்காரங்க எல்லாம் ஆளு நல்லாதானே இருக்காருன்னு சொல்லிட்டுப் போனாங்க.

மூணாவது வாரத்துலேர்ந்து வாய் முழுக்க புண்ணு. ருசி போச்சு, எச்சில் கெட்டியா கோழை மாதிரி ஆகி துப்பவும் முடியல முழுங்கவும் முடியல, கழுத்து தோல் கருத்து உரிய ஆரம்பிச்சுது. அஞ்சாவது வாரம் தண்ணி கூட இறங்கலன்னு மூக்கு வழியா ட்யூப் போட்டாங்க. பேச முடியாம ஒரு நோட்டுல எழுதிக் காட்டுவாரு, "போதும், ஊருக்குப் போயிரலாம்"னு. அந்த நோட்டை கையில வெச்சுக்கிட்டு வராண்டாவுல எவ்வளவு நேரம் உக்காந்திருப்பேன்னு எனக்கே தெரியாது, கட்டின மனுஷன் கெஞ்சும்போது முடியாதுன்னு சொல்றது லேசுப்பட்ட காரியம் இல்ல ஐயா. ஆனா டாக்டரம்மா ஒண்ணு தெளிவா சொல்லியிருந்தாங்க, நடுவுல விட்டா மிச்சம் இருக்குற கேன்சர் செல் மறுபடி பெருக ஆரம்பிச்சிடும், நாள் தள்ளத் தள்ள பலன் குறையும்னு. அந்த ஒரு வார்த்தையைப் பிடிச்சிக்கிட்டுதான் மறுநாளும் அவரை கூட்டிட்டுப் போய் வரிசையில உக்கார வெச்சேன். அதை எல்லா வீட்டுக்காரங்களுக்கும் முதல் நாளே சொல்லணும், ஏன்னா பாதியில நிறுத்திட்டுப் போறவங்களை நான் அங்கயே பார்த்தேன், போறது பெரும்பாலும் கடைசி பத்து நாள்லதான், அதாவது முக்கால்வாசி தாண்டின பிறகு.

மார்ஃபின் பத்தியும் சொல்லணும். வலிக்கு அந்த மாத்திரை எழுதிக் குடுத்ததும் என் நாத்தனார் அழுதுட்டாங்க, அது கடைசி காலத்துல குடுக்கிறதுதானேன்னு. அப்படி இல்ல. கரண்ட்டால வர்ற வாய்ப்புண் வலிக்கும் அதைக் குடுக்கிறாங்க, புண்ணு ஆற ஆற கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு நிறுத்திடுறாங்க. மலச்சிக்கல் வரும், அதுக்கும் சேர்த்தே மருந்து கேட்டு வாங்கிக்கணும். இந்த பயத்தால வலியோடவே கிடக்குற ஆளுங்க எத்தனை பேரோ.

நான் முக்கியமா சொல்ல வந்தது இதுக்கு அப்புறம்தான். கடைசி கரண்ட் முடிஞ்ச அன்னிக்கு எல்லாரும் கைகுடுத்தாங்க, ஊர்லேர்ந்து போன் மேல போன், கண்டத்தைத் தாண்டியாச்சுன்னு சாமிக்கு படையல் போடச் சொன்னாங்க. ஆஸ்பத்திரியில ஒரு மாசம் கழிச்சு வாங்கன்னு சீட்டு எழுதிக் குடுத்துட்டாங்க. ஆனா கரண்ட்டோட வேலை மெஷினை நிறுத்தின அன்னிக்கு நிக்கிறதில்ல. உள்ள அது பாட்டுக்கு நடந்துக்கிட்டே இருக்கும், அடுத்த ஒண்ணு ரெண்டு வாரத்துலதான் புண்ணு உச்சத்துக்குப் போகுது. தினமும் நர்ஸம்மா முகத்தைப் பார்த்துக்கிட்டு இருந்த எங்களுக்கு அந்த ரெண்டு வாரம் கிராமத்துல கேக்க நாதியில்ல. ட்யூப் கொஞ்சம் வெளிய வந்த மாதிரி இருந்தா கஞ்சி ஊத்தலாமா கூடாதான்னு ராத்திரி பதினோரு மணிக்கு யாரைக் கேக்குறது? (கூடவே கூடாது, சரியான இடத்துல இருக்கான்னு பார்க்காம ஊத்தினா நுரையீரலுக்குப் போயிடும்.) பக்கத்துல இருந்த ஒரு கிளினிக்ல கேன்சர் பேஷன்ட்டை நாங்க தொடமாட்டோம்னே சொல்லிட்டாங்க. வீட்டுக்கு வந்தவங்களோ, அதான் குணமாயிடுச்சே இன்னும் ஏன் சாப்பிடல, நீ வெறும் கஞ்சியா ஊத்தி ஆளையே கரைச்சிட்டன்னு என் மேல பாய்ஞ்சாங்க. ருசி திரும்ப மாசக்கணக்குல ஆகும், வாய் வறட்சி சிலருக்கு வருஷக்கணக்குல இருக்கும்னு அவங்களுக்கு யாரு சொல்லியிருக்கா.

அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரியை டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954ல ஆரம்பிச்சதுக்கு காரணமே 1923ல அவங்க தங்கச்சி கேன்சர்ல இறந்துபோனதுதான். கூட இருந்து பார்த்தவங்க பட்ட வேதனையிலேர்ந்து வந்த ஆஸ்பத்திரி உள்ள ஊர் இது. அதனாலதான் கூட இருக்குறவங்களுக்காக கேக்கலாம்னு எனக்கு தைரியம் வருது.

நான் கேக்குறது பெரிய செலவு இல்ல. 2021லேர்ந்து மக்களைத் தேடி மருத்துவம் நடக்குது, அதுல வீட்டுக்கே வந்து வலி நிவாரண சிகிச்சை, பிசியோதெரபி எல்லாம் குடுக்குறாங்க. கரண்ட் முடிச்சு ஊருக்குப் போறவங்க பேரை ஆஸ்பத்திரிக்காரங்க அந்த ஏரியா ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பி வெச்சா, அந்த ரெண்டு மூணு வாரம் மட்டும் ஒரு நர்ஸ் வந்து ட்யூபைப் பார்த்து, எடையைப் பார்த்து, காய்ச்சல் இருக்கான்னு கேட்டுட்டுப் போகலாம். ஆஸ்பத்திரியில ஒரு போன் நம்பர், எடுத்து தமிழ்ல பதில் சொல்ல ஒரு ஆளு. இன்னொண்ணு, ரயில்ல கேன்சர் பேஷன்ட்டுக்கு ஸ்லீப்பர்லயும் மூணாம் வகுப்பு ஏசிலயும் டிக்கெட் ஃப்ரீ, கூட போறவங்களுக்கு 75 சதவீதம் சலுகை, ஆஸ்பத்திரி ஃபார்ம்ல டாக்டர் கையெழுத்து வேணும். எனக்கு இதைச் சொன்னது பக்கத்து பெட் அக்கா. கவுன்ட்டர்ல எழுதிப் போட்டா என்ன?

கடைசி வாரம் ஆரம்பிக்கும்போதே தமிழ்ல ஒரு தாள் அச்சடிச்சு வீட்டுக்காரங்க கையில குடுக்கச் சொல்லி நீங்க எழுதணும். அதுல இனிமே கஷ்டம் கூடும், அது நோய் திரும்பினதா அர்த்தம் இல்லன்னு முதல் வரியா போடணும். ட்யூப்ல குடுக்கும்போது நிமிர்த்தி உக்கார வைக்கணும், குடுத்து அரைமணி நேரம் படுக்க விடக்கூடாது, குடுத்ததும் தண்ணி விட்டு கழுவணும். உப்பும் சமையல் சோடாவும் கலந்த தண்ணியில வாய் கொப்பளிக்கணும், வலிச்சாலும் வாய் திறக்குற எக்சர்சைஸ விடக்கூடாது, இல்லன்னா தாடை இறுகிடும். பல்லு விஷயத்தையும் மறக்காம போடச் சொல்லுங்க, கரண்ட் வெச்ச தாடையில பல்லைப் பிடுங்கினா புண்ணு ஆறாம எலும்பே கெட்டுப் போகலாம், எத்தனை வருஷம் ஆனாலும் கரண்ட் டாக்டரைக் கேக்காம பல் டாக்டர்கிட்ட போய் பிடுங்கக்கூடாது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
விழுப்புரம் மாவட்டம்.