லேபிள் இல்லாத பாட்டில்: பிளஸ் டூ வேதியியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதுரை மாவட்டப் பள்ளிகளில் பிளஸ் டூ வேதியியல் நடத்தும் ஆசிரியப் பெருமக்களுக்கு வணக்கம்.

நான் திருமங்கலம் பக்கம், மல்லிகையிலிருந்து வாசனைச் சாறு எடுக்கும் ஆலை ஒன்றில் லேப் வேலை பார்ப்பவன். வேலை கேட்டு வரும் பி.எஸ்சி., எம்.எஸ்சி. பிள்ளைகளைச் சோதித்துப் பார்ப்பதும் என் பொறுப்பு. லேபிள் ஒட்டாத ஒரு பாட்டிலைக் கொடுத்து, "இதில் என்ன மாதிரிச் சேர்மம் இருக்குன்னு பார்த்துச் சொல்லுப்பா" என்பேன். பெரும்பாலும் முதலில் வரும் கேள்வி, "லிஸ்ட்ல என்னென்ன இருக்கு சார்?" லிஸ்ட் என்றால், செய்முறைத் தேர்வுக்கு இன்னின்ன சேர்மங்கள்தான் வரும் என்று முன்கூட்டியே தெரிந்த பட்டியல்.

இந்தக் கேள்வி கல்லூரியில் முளைத்ததில்லை, உங்கள் லேபில் முளைத்தது. கோபத்தில் சொல்லவில்லை. ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள், எத்தனை டெஸ்ட் டியூப், அதற்குள் போர்ஷன் முடிக்க வேண்டிய அவசரம், எல்லாம் தெரிந்துதான் எழுதுகிறேன்.

கரிமச் சேர்மப் பகுப்பாய்வில், அதாவது கொடுத்த பொருள் எந்த வகைக் கார்பன் சேர்மம் என்று சோதித்துக் கண்டுபிடிக்கும் செய்முறையில், நடப்பதைப் பார்ப்போம். வெள்ளைத் தூள் தண்ணீரில் சட்டென்று கரைந்தால் யூரியா அல்லது குளுக்கோஸ். வாதுமை வாசனையோடு திரவம் என்றால் பென்சால்டிஹைடு. மூக்கும் கண்ணும் முடிவு சொல்லிவிடும். அதன்பிறகு ரெக்கார்டு நோட்டில் இருக்கும் சோதனைகளைப் பின்னாலிருந்து முன்னால் எழுதி, கடைசியில் மூன்று வரி: அரோமேட்டிக் (பென்சீன் வளையம் உள்ளது), நிறைவுற்றது (வளையத்துக்கு வெளியே கார்பன்-கார்பன் இரட்டைப் பிணைப்பு இல்லை), ஆல்டிஹைடு தொகுதி உள்ளது. முழு மார்க். டெஸ்ட் டியூப் நனைந்ததா என்று யாரும் பார்ப்பதில்லை.

இதில் பறிபோவது யோசனை. ஒரு உதாரணம். பொட்டாசியம் பர்மாங்கனேட்டின் ஊதா நிறம் போய்விட்டால் சேர்மம் நிறைவுறாதது என்று ஒப்பிக்கிறார்கள். பென்சால்டிஹைடை விட்டாலும் அந்த நிறம் போகும். அங்கே இரட்டைப் பிணைப்பு எதுவும் வேலை செய்யவில்லை, ஆல்டிஹைடு ஆக்சிஜனேற்றமடைந்து பென்சாயிக் அமிலமாகிறது. புரோமின் நீரை பீனாலும் நிறம் நீக்கும், ஆனால் கூடவே வெள்ளை வீழ்படிவு வரும். அங்கே நடப்பது சேர்க்கை வினை இல்லை, வளையத்தில் பதிலீடு. ஆக, ஒரு சோதனை ஒரு பதிலைத் தருவதில்லை. இரண்டு மூன்று சந்தேகங்களைத் தருகிறது, அடுத்த சோதனை அவற்றில் ஒன்றைக் கழிக்கிறது. இந்தக் கழித்தல்தான் கரிம வேதியியலின் அன்றாட வேலை. லிஸ்டைக் கையில் வைத்திருக்கும் பிள்ளைக்கு இது ஒருநாளும் தேவைப்படாது.

எங்கள் லேபிலும் இதே கழித்தல்தான், கருவிதான் வேறு. மல்லிகையை நீராவியில் வடித்தால் வாசனை கெட்டுப்போகும் என்பதால் ஹெக்சேனில் ஊறவைத்து எடுக்கிறோம். மெழுகு மாதிரி வருவதை 'கான்க்ரீட்' என்போம். ஒரு டன் பூவுக்கு ஒன்றிரண்டு கிலோ கிடைத்தால் உண்டு. அதை ஆல்கஹாலில் கரைத்து மெழுகை நீக்கினால் 'அப்சல்யூட்'. அதில் ஒரு துளியை, கலவையிலுள்ள சேர்மங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டும் வாயு குரோமட்டோகிராஃபி கருவியில் விட்டால் வரைபடத்தில் வரிசையாக முகடுகள் எழும்: லினலூல், பென்சைல் அசிட்டேட், ஃபார்னெசீன், மெத்தில் ஆந்த்ரனிலேட், இண்டோல். இண்டோலைத் தனியாக முகர்ந்தால் பாச்சை உருண்டையும் கழிப்பறையும் சேர்ந்த நாற்றம். அது கொஞ்சமாகக் கலந்திருப்பதும் மல்லிகை மல்லிகையாக மணப்பதற்கு ஒரு காரணம். யாராவது செயற்கைப் பென்சைல் அசிட்டேட்டைக் கலந்து ஏமாற்றப் பார்த்தால், அந்த ஒரு முகடு மட்டும் அளவுக்கு மீறி நிமிர்ந்து நிற்கும். 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லிக்குள் எஸ்டரும் ஆல்கஹாலும் அமீனும் இருக்கின்றன என்று எந்தப் பிள்ளையாவது வகுப்பில் கேட்டிருக்குமா?

என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. ஆண்டுக்கு ஒரு நாளாவது லிஸ்டில் இல்லாத ஒரு பொருளைக் கையில் கொடுங்கள்.

கிராம்பு போதும். கீழமாசி வீதியில் நல்ல கிராம்பாக நூறு கிராம் வாங்கினால் ஒரு வகுப்புக்குக் காணும். உருண்டைக் குடுவை, கண்டென்சர், தண்ணீர், அடுப்பு. கிராம்பை நுணுக்கிப் போட்டுக் கொதிக்கவிட்டால் கண்டென்சரிலிருந்து பால் மாதிரி கலங்கிய நீர் சொட்டும். சற்று நேரம் அப்படியே விட்டால் எண்ணெய்த் துளிகள் அடியில் போய் உட்காரும். எண்ணெய் என்றால் மிதக்கும் என்று நினைத்த பிள்ளைகள் அங்கேயே ஒரு கேள்வி கேட்பார்கள். முக்கியமாக அதில் இருப்பது யூஜினால். அதன் கொதிநிலை 250 டிகிரிக்கும் மேலே, ஆனாலும் கொதிநீரோடு 100 டிகிரிக்குள்ளேயே ஆவியாகி வந்துவிட்டது. ஏன் என்று கேளுங்கள். நீராவியால் காய்ச்சி வடித்தல் பாடம் அந்த ஒரு கேள்வியில் முடிந்துவிடும்.

அப்புறம் சோதனைகள். எரித்தால் புகையும் கரியுமாக எரியும், அரோமேட்டிக். புரோமின் நீர் நிறம் போகும். சோடியம் பைகார்பனேட்டில் நுரைக்காது, ஆனால் சோடியம் ஹைட்ராக்சைடில் கரையும். ஆல்கஹாலில் கரைத்து ஃபெரிக் குளோரைடு விட்டால் நிறம் வரும். கார்பாக்சிலிக் அமிலம் இல்லை, பீனால். சரி, புரோமின் நிறம் போனது பீனாலாலா, இரட்டைப் பிணைப்பாலா? யூஜினாலில் இரண்டுமே உண்டு. பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போடட்டும். நீங்கள் உடனே பதில் சொல்லிவிடாதீர்கள்.

இன்னொன்று, நீங்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருப்பது. அனிலீனுக்கான சாயச் சோதனை. சோடியம் நைட்ரைட்டும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்த்து, பீட்டா நாப்தால் கரைசலை ஊற்றினால் செக்கச் சிவந்த சாயம். 0 முதல் 5 டிகிரிக்குள் வைக்காவிட்டால், அனிலீனிலிருந்து இடையில் உருவாகும் டையசோனியம் உப்பு சிதைந்து நைட்ரஜன் குமிழியாகப் போய்விடும். நம் ஊர் வெயிலுக்கு ஐஸ் வாங்கப் போன பையன் கொஞ்சம் தாமதித்தாலும் பழுப்புக் குழம்புதான். இதே வினையை நாப்தால் சாயம் போடும் பட்டறைகளில் துணி நூலுக்குள்ளேயே நடத்துகிறார்கள். முதலில் துணியை நாப்தாலில் முக்கி, பிறகு டையசோனியக் கரைசலில் முக்கினால் சிவப்பு நூலுக்குள் பிறக்கிறது, துவைத்தால் எளிதில் போகாது. உங்கள் வகுப்பில் சாயப்பட்டறைக் குடும்பத்துப் பிள்ளை இருந்தால் அந்த ஒரு நாள் அவனைப் பேசவிடுங்கள். இந்த வகைச் சாயங்களுக்கு அசோ சாயங்கள் என்று பெயர். அவற்றில் சில சிதைந்து புற்றுநோய் தரும் அமீன்களை விடுவிக்கின்றன, அதனால் 1990-களில் நம் அரசு அந்தச் சாயங்களைத் தடை செய்தது. அதையும் அவனுக்குச் சொல்லிவிடுங்கள்.

யூரியா பாட்டிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1828-இல் ஜெர்மன் வேதியியலாளர் வோலர் அம்மோனியம் சயனேட்டைச் சூடாக்கியபோது கிடைத்தது அதுதான். உயிருள்ளவற்றில் மட்டுமே உருவாகும் என்று நினைத்த பொருள் கண்ணாடிக் குடுவையில் வந்து நின்றது. பிள்ளைகளுக்கு அது உர மூட்டை, பையூரெட் சோதனை, ஊதா நிறம். அவ்வளவுதான்.

செலவைப் பற்றி யோசிப்பீர்கள். கண்டென்சர் இல்லாத பள்ளிகள் பக்கத்துக் கல்லூரியில் ஒரு நாளைக்கு இரவல் கேட்கலாம். அமெரிக்கன் கல்லூரி, தியாகராசர், லேடி டோக், பாத்திமா என்று வேதியியல் துறைகளுக்கு மதுரையில் பஞ்சமில்லை. நேரம்? அரையாண்டுத் தேர்வுக்கும் செய்முறைத் தேர்வுக்கும் இடையில் ஒரு பிற்பகல் போதும். மார்க் குறையாது. யோசித்துப் பழகிய பிள்ளை அந்த மூன்று வரியையும் தப்பில்லாமல் எழுதும்.

மல்லிகையையே வைத்துச் செய்யலாமே என்று தோன்றினால் கோடைக்குத் தள்ளிப்போடுங்கள். பனிக்காலத்தில் வரத்து குறைந்து மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் விலை எட்டாத உயரத்துக்குப் போய்விடும். ஹெக்சேன் சட்டென்று தீப்பிடிக்கும் என்பதால் அதைப் பள்ளி லேபுக்குள் கொண்டுவரவே வேண்டாம். பூவின் குரோமட்டோகிராஃபி வரைபடம் பார்த்தால் போதுமென்றால், எங்கள் லேபில் பழைய தாள்கள் கட்டுக் கட்டாகக் கிடக்கின்றன. முகடுகளின் பெயரை அழித்துவிட்டே தருகிறேன்.

இப்படிக்கு,
பூச்சாறு ஆலை லேப்காரன் ஒருவன்
திருமங்கலம் வட்டாரம்