நியூயார்க் ஜயண்ட்ஸ் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய உரிமையாளர்களுக்கும் பொது மேலாளருக்கும்,

வணக்கம். நம் அமெரிக்கக் கால்பந்து அணியின் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை வீசித் தாக்குதலை நடத்தும் வீரர், டேனியல் ஜோன்ஸை 2024 நவம்பரில் விடுவித்துவிட்டீர்கள். நான்கு ஆண்டுக்கு 16 கோடி டாலர் என்று 2023 மார்ச்சில் போட்ட ஒப்பந்தம் இரண்டாவது சீசனைக்கூடத் தாண்டவில்லை. அதற்குள் அவர் ஆட்டத் தொடக்கத்திலேயே களமிறங்கியது 16 ஆட்டம், வென்றது மூன்று.

அவர்மேல் எனக்குக் கோபமில்லை. முழங்கால் தசைநார் கிழிந்தும் திரும்பி வந்து ஆடியவர். கேள்வி உங்களிடம்தான். 2022-இல் அவருடைய ஐந்தாம் ஆண்டு ஆப்ஷனை, அதாவது முதல் ஒப்பந்தத்தை இன்னும் ஓராண்டு நீட்டிக்கும் உரிமையை, வேண்டாம் என்று விட்டதே நீங்கள்தானே? பத்து மாதத்தில் என்ன மாறிவிட்டது? மின்னசோட்டாவில் ஒரு பிளேஆஃப் (சீசன் இறுதி நாக்-அவுட் சுற்று) வெற்றி. அடுத்த ஆட்டத்திலேயே பிலடெல்பியா ஈகிள்ஸிடம் 38-7 என்று தோல்வி. பிளேஆஃபுக்கு முந்தைய அந்த வழக்கமான சீசன் முழுக்க அவர் வீசிய டச்டவுன் (எதிரணி எல்லைக்குள் பந்தைச் சேர்த்து எடுக்கும் ஸ்கோர்) வெறும் 15. இதற்கா நான்கு ஆண்டு?

நல்ல குவார்ட்டர்பேக் கிடைப்பது அரிது, விட்டால் வேறு அணி கொத்திக்கொண்டு போய்விடும் என்ற பயம் புரிகிறது. ஆனால் ஓர் அணி மொத்தமாகக் கொடுக்கும் சம்பளத்துக்கு உச்சவரம்பு இருக்கும் லீகில், பயந்து கொடுக்கும் பணம் இன்னொருவர் பங்கிலிருந்துதான் போகும். ஜோன்ஸுக்கு டேக் போட்டிருந்தால், அதாவது நிர்ணயித்த சம்பளத்தில் ஓராண்டு மட்டும் தக்கவைத்திருந்தால், சுமார் 3.2 கோடியோடு போயிருக்கும். கெடு முடியச் சில நிமிடம் இருக்கையில் அவருக்கு நீண்ட ஒப்பந்தத்தையும் பந்தைத் தூக்கி ஓடும் நம் வீரர் சேக்வான் பார்க்லிக்கு டேக்கையும் கொடுத்தீர்கள். மறு ஆண்டு பார்க்லி பிலடெல்பியாவுக்குப் போய்விட்டார்.

2024 அக்டோபர் 20 அன்று, ஈகிள்ஸ் சட்டையில் நம் மைதானத்துக்கே வந்து 176 யார்டு ஓடினார். நாலாவது குவார்ட்டரில் ஜோன்ஸை உட்கார வைத்தீர்கள். 28-3 என்று தோற்றோம். டிவியை அணைக்க மனம் வராமல் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தேன். நாம் வளர்த்த பிள்ளை நம் வீட்டு வாசலிலேயே நம்மை வென்றுவிட்டுப் போனதைப் பார்ப்பது எவ்வளவு வலி தெரியுமா?

உங்களை மட்டும் சொல்லவில்லை. 2016-இல் ஹூஸ்டன் டெக்சன்ஸ், டென்வரில் ஏழே ஆட்டத்தில் தொடக்கத்திலேயே களமிறங்கியிருந்த குவார்ட்டர்பேக் பிராக் ஆஸ்வைலருக்கு நான்கு ஆண்டுக்கு 7.2 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்தது. மறு ஆண்டே அவரைத் தள்ளிவிட, புது வீரர்களை எடுக்கும் டிராஃப்டில் தன் இரண்டாம் சுற்றுத் தேர்வு உரிமையையும் சேர்த்து கிளீவ்லாந்து அணிக்குக் கொடுத்தது. அந்தத் தேர்வில் கிளீவ்லாந்து எடுத்தது, பிறகு நட்சத்திர ஓட்டக்காரரான நிக் சப்பை! இத்தனையும் பார்த்த பிறகும் அதே தவறா?

சரி, நடந்தது நடந்துவிட்டது. இனியும் ஒரு குவார்ட்டர்பேக்குக்குப் பெரிய ஒப்பந்தம் கொடுக்கும் நாள் வரும். தயவுசெய்து அவர் நிரூபிக்கட்டும், அப்புறம் கொடுங்கள். ஒரு சீசன் போதாது, இரண்டு பாருங்கள். அதுவரை டேக் போடுங்கள், ஓராண்டு ஒப்பந்தம் போடுங்கள். மிச்சமாகும் பணத்தில் அவருக்கு முன்னால் நின்று காக்கும் லைன்மேன்களை எடுங்கள்.

இப்படிக்கு,
பல ஆண்டுகளாக உங்கள் அணியை விடாத ஒரு ரசிகன்