அந்த ரேமை இன்னும் ஆர்டர் போடாதே, கயல்

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்தேன். 16 ஜிபி ரேம் ஸ்டிக் இரண்டு, டிடிஆர்4 வகை, வேகம் 3200, விலை குறைவு. மெஷினில் ஏற்கெனவே இருக்கிற 8 ஜிபி ஸ்டிக் இரண்டும் 3200தான், அதோடு இதையும் செருகினால் 48 ஜிபி ஆகிவிடும், பழசும் வீணாகாது என்பது உன் கணக்கு. ரேம் விலை இப்படி ஏறிக் கிடக்கும்போது யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனாலும் இதை முழுசாகப் படித்துவிட்டு முடிவு செய். உன் எடிட்டிங் வேலை மொத்தமும் அந்த ஒரே மெஷினில்தான் இருக்கிறது.

இரண்டிலும் 3200 என்று போட்டிருப்பதை நம்பாதே, அதற்கடுத்த எண்ணைப் பார். சிஎல் என்று இருக்கும், கேட்ட தகவலைக் கொடுக்க ரேம் எத்தனை துடிப்பு தாமதிக்கும் என்ற கணக்கு அது. உன் பழைய ஜோடி சிஎல் 16, அதை 1.35 வோல்ட்டில் ஓட்ட வேண்டும். நீ பார்த்து வைத்திருப்பது சிஎல் 22, 1.2 வோல்ட். கணக்குப் போட்டால் பழையதன் தாமதம் 10 நானோ செகண்ட், புதியதற்கு 13.75. டிடிஆர்4 போர்டில் எல்லா ஸ்டிக்குக்கும் ஒரே வேகம், ஒரே வோல்டேஜ்தான். பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்னால் வரும் செட்டிங் பக்கத்தில், ரேமை அதன் ஸ்டிக்கரில் போட்ட வேகத்துக்கு ஏற்றும் எக்ஸ்எம்பியைப் போட்டால் பழையதன் சிஎல் 16-ஐயும் 1.35 வோல்ட்டையும் புதிய ஸ்டிக்குகளும் தாங்க வேண்டும், அவற்றை யாரும் அதற்காகச் சோதித்து விற்கவில்லை. எக்ஸ்எம்பியை எடுத்துவிட்டால் பழைய ஜோடி அதன் சாதாரண வேகத்துக்கு இறங்கும், இந்த மாதிரி ஸ்டிக்குகளில் அது பெரும்பாலும் 2133 அல்லது 2666தான், மற்ற இரண்டும் கூடவே இறங்கிவிடும். நடை ஒத்துப்போகாத மாடுகளை ஒரே நுகத்தில் பூட்டிய மாதிரி.

வேகம் குறைவதோடு போனால் நான் இவ்வளவு எழுதமாட்டேன். எனக்குப் பயம், அது நன்றாக ஓடுவது போலவே இருக்கும் என்பதுதான். மெஷின் ஆன் ஆகும், 48 ஜிபி என்று காட்டும், பாட்டுக் கேட்கலாம், மெயில் பார்க்கலாம். சாதாரண டெஸ்க்டாப் ரேமில் ஒரு பிட் மாறிப்போனால் கண்டுபிடித்துச் சொல்ல ஆளில்லை, சர்வர்களில் போடும் ஈசிசி ரேமுக்குத்தான் அந்த வசதி. தப்பாக மாறிய பிட் அப்படியே ஃபைலுக்குள் போய் சேவ் ஆகிவிடும். நம் கடைக்கு ஒரு ஸ்டுடியோக்காரர் மெஷினைக் கொண்டுவந்தார், கல்யாணப் போட்டோக்களில் சிலது பாதிக்கு மேல் வெறும் சாம்பல் பட்டை. ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்றுதான் அவர் நினைத்திருந்தார். இரண்டு விதமான ரேமைக் கலந்து போட்டிருந்தார்கள், ஒரு ஜோடியைக் கழற்றியதும் மெஷின் சரியாகிவிட்டது, கெட்டுப்போன படங்கள் மட்டும் திரும்ப வரவில்லை. அந்தக் குடும்பத்துக்கு என்ன பதில் சொன்னாரோ.

அப்படியானால் பழைய மாடலையே இன்னொரு ஜோடி வாங்குகிறேன் என்பாய். அதிலும் நிச்சயம் கிடையாது. பெட்டியில் அதே பெயர் இருந்தாலும் உள்ளே இருக்கும் சிப் சாம்சங்காக இருக்கலாம், மைக்ரானாக இருக்கலாம், ஹைனிக்ஸாக இருக்கலாம், கம்பெனிக்காரர்கள் அவ்வப்போது மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். கோர்செயர் ஸ்டிக்கரில் ஒரு வெர்ஷன் எண் அச்சிடுவதே அதனால்தான். ஒரே பெட்டியில் வருகிற ஸ்டிக்குகளைத்தான் சேர்த்து வைத்துச் சோதித்திருப்பார்கள். அப்புறம், நான்கு ஸ்டிக் என்றாலே ப்ராசசருக்குச் சுமை. உன் ரைசன் 5 3600-க்கு இரண்டு ஸ்டிக் என்றால் 3200, நான்கும் ஒற்றை ரேங்க் (ஸ்டிக்கில் சிப்புகள் ஒரே தொகுதி) என்றால் 2933, இரட்டை ரேங்க் (இரண்டு தொகுதி) என்றால் 2667 என்று ஏஎம்டியே சொல்கிறது. அதற்கு மேல் ஓடினால் நம் அதிர்ஷ்டம்.

அதனால் அப்பா சொல்வது இதுதான்: ஒரே பெட்டியில் வரும் 16 ஜிபி ஸ்டிக் இரண்டு, 3200, சிஎல் 16 வாங்கு, பழையதைக் கழற்றிவிடு. 32 ஜிபி உன் வேலைக்குப் போதும். போதாது என்று உறுதியாகத் தெரிந்தால் 32 ஜிபி ஸ்டிக் இரண்டாகவே வாங்கு, நான்கு ஸ்டிக் வேண்டாம். ப்ராசசர் பக்கத்திலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போட வேண்டும், க்ளிக் என்று சத்தம் வரும்வரை அழுத்து. பயாஸில் எக்ஸ்எம்பியைப் போடு, சில போர்டுகளில் டிஓசிபி என்று இருக்கும். விண்டோஸுக்குள் போவதற்கு முன்னால் பென் டிரைவில் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ ஏற்றி ராத்திரி முழுக்க ஓடவிடு. காலையில் ஒரே ஒரு எர்ரர் வரி சிவப்பாக இருந்தாலும் அந்த ரேமில் வேலை செய்யாதே, கடையில் திருப்பிக் கொடு.

பணம் பற்றாக்குறை என்றால் தயங்காமல் கேளம்மா, மீதியை நான் போடுகிறேன். பழைய ஜோடியைப் பத்திரமாகச் சுற்றி எனக்குக் கூரியரில் அனுப்பு. தம்பி மெஷினிலும் டிடிஆர்4தான், ஒற்றை 4 ஜிபியோடு திணறுகிறான், அதைக் கழற்றிவிட்டு உன் ஜோடியைப் போட்டுவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா