சோதனையைப் பாதியில் நிறுத்தியவருக்கும், மற்றவர்களுக்கும்

முதுகுத் தண்டுவடத்தில் அடிபட்டு இரண்டு வருடம் ஆகிறது. டி4, அதாவது மார்புப் பகுதியின் நான்காவது முள்ளெலும்பு மட்டத்தில். கைகள் நன்றாக வேலை செய்கின்றன. நெஞ்சுக்குக் கீழே உணர்வில்லை. எப்போது நடப்பாய் என்று எல்லோரும் கேட்டார்கள். வயிற்றைப் பற்றி யாரும் கேட்கவில்லை. எனக்கும் சொல்லக் கூச்சம்.

நர்ஸ் அக்கா, முதல் நன்றி உங்களுக்கு. தண்டுவடத்தின் அடிநுனி தப்பியிருப்பதால் குடலின் அனிச்சை இன்னும் இருக்கிறது, அதை எழுப்பினால் போதும் என்றீர்கள். சாப்பிட்ட பின் குடல் தானாக அசையும், அந்த அரைமணி நேரத்தைப் பிடிக்க வேண்டும். தினமும் ஒரே நேரத்தில் ஆசனவாயில் வைக்கும் மாத்திரை, அப்புறம் கையுறை போட்டு, ஜெல் தடவிய விரலால் மெல்ல வட்டமாகச் சுழற்றுவது. முகம் சுளிக்காமல் கற்றுத்தந்தீர்கள். சுளித்தது நான்தான்.

விபத்தில் தலையிலும் அடிபட்டதால் கணினியில் செயல்பாட்டு நினைவுச் சோதனை வைத்தார்கள், அதாவது ஒன்றைச் சிறிது நேரம் மனதில் வைத்துக்கொண்டே வேலை செய்ய முடிகிறதா என்று பார்ப்பது. திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வரும். இரண்டு எழுத்துக்கு முன் வந்ததே மறுபடி வந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். அதற்கு முந்தைய மூன்று நாள் பயணத்தில் குடல் வேலையைத் தள்ளிப்போட்டிருந்தேன். மூன்றாவது சுற்றில் தலை இடித்தது, முகமெல்லாம் வியர்வை. முடித்துவிடுகிறேன் என்று அடம்பிடித்தேன். சோதனை நடத்திய உளவியலாளரே, நீங்கள் கேட்கவில்லை. திரையை அணைத்துவிட்டு ஆள் கூப்பிட்டீர்கள்.

வழக்கமாக 100 காட்டும் பிரஷர் அன்று 170. டி6 அல்லது அதற்கு மேல் அடிபட்டவர்களுக்கு மலமோ சிறுநீரோ தேங்கினாலே இப்படி ஏறும். கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. நிமிர்த்தி உட்காரவைத்து, இடுப்புப் பட்டையைத் தளர்த்தி, சிறுநீர்க் குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்த்து, மரத்துப்போகும் ஜெல் தடவி, இறுகிய மலத்தை எடுத்த டியூட்டி டாக்டருக்கும் உதவியாளருக்கும் என்ன சொல்வது? உங்கள் வேலைதான் என்பீர்கள். சரி, இருக்கட்டும்.

உளவியலாளரே, அன்றைய மதிப்பெண்ணை நீங்கள் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் நினைவுத்திறன் குறைவு என்று என் கோப்பில் ஏறியிருக்கும். கணக்கு எழுதும் பழைய வேலைக்கு அதைத்தான் காட்டியிருப்பேன். இரண்டு வாரம் கழித்து, காலையில் குடல் வேலை முடித்துவிட்டு வந்து மறுபடி எழுதினேன். மூன்று எழுத்து பின்னால் போகும் சுற்றில் மட்டும் தடுமாறினேன். அதில் நானும் தடுமாறுவேன் என்றீர்கள்.

கடைசியாக மச்சானுக்கு. இப்போது எந்தப் பயணமானாலும் என் பையில் அந்த மாத்திரை இருக்கிறதா என்று முதலில் பார்ப்பவர் அவர்தான்.