கொள்ளைப் பணத்தைவிட மலிவான படம்

ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற இதழில் வந்த பழைய பிரிட்டிஷ் சினிமா கட்டுரையை ரசித்துப் படித்தேன். ஆனால் ஹேமர் என்ற பிரிட்டிஷ் படத் தயாரிப்பு நிறுவனத்தை டிராகுலா, ஃப்ராங்கன்ஸ்டைன் திகில் படங்களோடு முடித்துவிட்டு, அவர்கள் எடுத்த சிக்கனமான குற்றப் படங்களை 'மெயின் படத்துக்கு முன் ஓட்டும் ஒப்புக்குச் சப்பாணிகள்' என்று ஒரே வரியில் ஒதுக்கியிருப்பது சரியல்ல.

'கேஷ் ஆன் டிமாண்ட்' (1961) படத்தையே எடுத்துக்கொள்வோம். இயக்கம் குவென்டின் லாரன்ஸ். முதலில் தொலைக்காட்சி நாடகமாக வந்த கதை. படத்தின் செலவு சுமார் 37 ஆயிரம் பவுண்ட். கதையில் கொள்ளைக்காரன் கேட்பதோ 93 ஆயிரம்! கையில் காசில்லாததால் ஒரு வங்கிக் கிளையையும் வாசல் தெருவையும் தாண்டி கேமரா போகவே இல்லை. அதுதான் படத்துக்குப் பலமாகிவிட்டது. மேலாளரோடு சேர்ந்து நாமும் அந்த அறையில் மாட்டிக்கொள்கிறோம்.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு நடக்கும் கதை. மேலாளர் ஃபோர்டைஸாக பீட்டர் குஷிங். காலையில் வந்ததும் கவுன்டர் பேனாவின் நிப் சுத்தமாக இல்லை என்று கடிந்துகொள்வார். முடிந்துபோன சின்னக் கணக்குப் பிழைக்காக, பல வருடம் உழைத்த தலைமை எழுத்தர் பியர்சனை வேலையிலிருந்தே தூக்கப் பார்ப்பார். நானும் வங்கியில் இருந்தவன். எந்த ஊர்க் கிளைக்குப் போனாலும் இப்படி ஒருவர் இருப்பார்.

அப்புறம் இன்சூரன்ஸ் ஆய்வாளர் என்று சொல்லிக்கொண்டு கர்னல் கோர் ஹெப்பர்ன் வருகிறார். ஆந்த்ரே மோரெலின் நடிப்பைப் பார்க்க வேண்டும். குரலை உயர்த்தாமல், சிரித்த முகத்தோடு, 'உன் மனைவியும் மகனும் எங்கள் பிடியில்' என்று சொல்லிவிட்டு, ஊழியர்களை நடத்தும் விதம் பற்றி ஃபோர்டைஸுக்கே வகுப்பெடுப்பார். எதிரில் குஷிங்குக்கு வேர்த்துக் கொட்டும். காலையில் யாரை மிரட்டினாரோ அதே பியர்சனிடம் பின்னால் அவர் கெஞ்சும் காட்சிக்கு எத்தனை லட்சம் பவுண்ட் கொட்டினாலும் ஈடாகாது. (குஷிங்கும் மோரெலும் 1959-ல் ஷெர்லாக் ஹோம்ஸும் வாட்சனுமாக நடித்தவர்கள்!) முடிவைச் சொல்லமாட்டேன்.

அமெரிக்காவில் 1961-லேயே வந்த படம், சொந்த ஊரான பிரிட்டனில் 1963 டிசம்பரில்தான் திரைக்கு வந்தது, அதுவும் நன்றாகக் கத்தரி போட்டு. துணைப் படம் என்ற முத்திரை செய்த வேலை. அதே முத்திரையை நாமும் குத்த வேண்டுமா? கட்டுரையாளர் இந்த வகைப் படங்களுக்கென்றே இன்னொரு கட்டுரை எழுதினால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்,
தஞ்சாவூர்.