வெளியேறிய அணிக்கும் ஆட்டம் மிச்சம் இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஐ.பி.எல். நடக்கும்போது, ஓர் அணி பிளே-ஆஃப் (முதல் நான்கு அணிகள் மோதும் இறுதிக் கட்டம்) வாய்ப்பை இழந்த மறுநாளே அதைப் பற்றிய செய்தி உங்கள் விளையாட்டுப் பக்கத்தின் ஓரத்துக்குப் போய்விடுகிறது. "ஆறுதல் வெற்றி" அல்லது "மீண்டும் தோல்வி", அத்தோடு சரி. ஜெயிக்கிற அணியின் ரசிகருக்கு ஸ்கோர் தெரிந்தாலே போதும். தோற்கிற அணியை விடாமல் பார்ப்பவருக்குத்தான் விவரம் வேண்டும்.

2025-ல் சென்னை சூப்பர் கிங்ஸ் ஏப்ரல் 30 அன்று பஞ்சாபிடம் தோற்று, எல்லோருக்கும் முன்பாக வெளியேறியது. 14 ஆட்டத்தில் 4 வெற்றி, பத்தாவது இடம். அந்த அணி கடைசி இடத்தில் முடித்தது அதுவே முதல் முறை. அந்த 4 வெற்றியில் இரண்டு, வெளியேறிய பிறகு வந்தவை. கொல்கத்தாவை 2 விக்கெட்டில் வென்றது. பிளே-ஆஃபுக்குத் தகுதி பெற்றுவிட்ட குஜராத்தை 83 ரன்னில் வீழ்த்தியது. இந்த இரண்டுக்கும் முன்பு பெங்களூருவிடம் 2 ரன்னில் தோற்ற ஆட்டத்தில் 17 வயது ஆயுஷ் மாத்ரே 94 ரன் அடித்தார். அவர், டெவால்ட் பிரெவிஸ், உர்வில் படேல் மூவருமே தொடரின் நடுவில் மாற்று வீரர்களாக வந்தவர்கள். மூவரையும் அணி அடுத்த ஆண்டுக்கும் வைத்துக்கொண்டது. அடுத்த ஆண்டின் பேட்டிங் வரிசை உருவாகிக்கொண்டிருந்தது "ஒன்றுக்கும் உதவாத" அந்த ஆட்டங்களில்தான்.

புள்ளிகள் சமமாகும்போது யார் மேலே என்று தீர்மானிக்கும் நெட் ரன் ரேட்டையும் கொஞ்சம் விளக்கிப் போடுங்கள். ஒவ்வோர் ஆட்டத்தின் ரன் ரேட்டையும் கூட்டிச் சராசரி எடுப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. தொடர் முழுக்க எடுத்த ரன்களை ஆடிய ஓவர்களால் வகுத்து, அதிலிருந்து, கொடுத்த ரன்களை வீசிய ஓவர்களால் வகுத்து வருவதைக் கழிக்க வேண்டும். 17 ஓவரில் ஆல் அவுட் ஆனாலும் கணக்கில் 20 ஓவர்தான். ஆகவே 201 இலக்கைத் துரத்தும் அணி 15 ஓவரில் 120-க்கு 6 என்று கிடக்கும்போது டி.வி.யை அணைப்பது அவசரம். அங்கிருந்து 150-ல் முடிப்பதற்கும் 180-ல் முடிப்பதற்கும் உள்ள 30 ரன், 14 ஆட்டக் கணக்கில் சுமார் 0.1 வித்தியாசம்.

0.1 அற்பம் என்பவர்கள் 2024 மே 18-ஐப் பார்க்கட்டும். முதல் 8 ஆட்டத்தில் 7 தோற்ற பெங்களூரு, அன்று தொடர்ச்சியாக ஆறாவது வெற்றி பெற்று, சென்னையைப் போலவே 14 புள்ளியில் நின்றது. சென்னைக்கு இலக்கு 219; தோற்றாலும் 201 எடுத்தால் தகுதி. எடுத்தது 191. நெட் ரன் ரேட்டில் பெங்களூரு 0.459, சென்னை 0.392; தகுதி பெற்றது பெங்களூரு. அதற்கு முந்தைய மாதம் தோற்ற ஏதோ ஓர் ஆட்டத்தில் கடைசி ஓவர்களைக் கைவிட்டிருந்தால் அதுவும் இந்தக் கணக்கில் இருக்கும்.

தோல்விக்குக் காரணம் எழுதும்போது "ஃபார்ம் இல்லை" என்று முடிக்காதீர்கள். முதல் 6 ஓவர், 7 முதல் 15, கடைசி 5 என்று பிரித்து, இரு அணியும் எடுத்த ரன்னையும் இழந்த விக்கெட்டையும் போட்டால் நான்கு வரிக்கு மேல் ஆகாது. பவர்பிளேயில், அதாவது அந்த முதல் 6 ஓவரில், மூன்று விக்கெட் போய்த் தோற்கும் அணியும், விக்கெட் கையில் இருந்தும் நடு ஓவரில் ஆமை வேகத்தில் ஆடித் தோற்கும் அணியும் வேறு வேறு. முன்னதற்குத் தொடக்க ஜோடியை மாற்ற வேண்டும். பின்னதற்குச் சுழலை அடிக்கத் தெரிந்தவர் வேண்டும். தவறவிட்ட கேட்ச்களையும் சேர்த்துக்கொள்ளலாம், அதை யாருமே போடுவதில்லை.

பொறுத்திருந்தால் கோப்பை வரும் என்று பெங்களூருவைக் காட்டி ஆறுதல் கட்டுரை எழுதுவது வேறு இப்போது வழக்கமாகிவிட்டது. 2008 முதல் ஆடி 2025-ல்தான் வென்றார்கள், உண்மை. அதே இறுதிப் போட்டியில் 6 ரன்னில் தோற்ற பஞ்சாபும் 2008 முதல் ஆடுகிற அணிதான். அதன் ரசிகர்களுக்கு அந்தக் கட்டுரையால் என்ன பயன்? ஐ.பி.எல்.லில் கடைசி அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்குவதும் இல்லை, ஏலத்தில் அதற்கு முன்னுரிமையும் இல்லை. யாரை வைத்துக்கொள்வது, யாரை விடுவது என்ற முடிவுதான் அதன் அடுத்த ஆண்டு. அந்தப் பட்டியல் வெளியாகும் நாளிலாவது கடைசி மூன்று அணிகளுக்கு அரைப் பக்கம் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்